அளவுகோல்

கைனூவில் டிசம்பர் என்றால்
காலை எட்டு மணியும் நள்ளிரவுதான்.
ஏரிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்.
கரையைச் சுற்றினால் ஏழு கிலோமீட்டர், டாக்சி வரும்.
குறுக்கே தொள்ளாயிரம் மீட்டர் உறைபனி.
"நடந்தே போகிறேன்" என்றாள் வியேனோ.
ஏழு வயது.

சிர்க்கா உடனே சரி என்றாள்.
இதே ஏரியை இதே வயதில் கடந்தவள்.
நான் ஹெல்சிங்கியில்
டிராம் தண்டவாளம் பார்த்து வளர்ந்தவன்.
எனக்கு அது
மூடி போட்ட கிணறு.

கயிற்றில் கோத்த இரண்டு பனியாணிகளை
மகள் கழுத்தில் மாட்டினாள்.
"விழுந்தால் குத்து. குத்தி இழு.
வயிற்றால் ஊர்ந்து வா. எழுந்து நிற்காதே."
பூட்ஸுக்கு லேஸ் கட்டச் சொல்லித் தரும்
அதே குரலில்.

நான் வாய் திறக்கவில்லை.
மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தேன்.

தோளில் துளைப்பான், நெற்றியில் விளக்கு,
சட்டைப்பையில் வியேனோவின் மர அளவுகோல்.
நூறு மீட்டருக்கு ஒரு துளை.
ஒவ்வொன்றிலும் கறுப்புத் தண்ணீர்
மேலேறி வந்து மூச்சு விட்டது.
பதினான்கு. பதினான்கு. பதின்மூன்றரை.
அந்த அரை சென்டிமீட்டரிடம்
நெடுநேரம் நின்றேன்.
பத்து இருந்தால் போதும் என்கிறது ஊர்.
ஊருக்கா மகள்?

வீடு திரும்பி, பூட்ஸைத் துடைத்து,
இப்போதுதான் எழுந்தவன் போலக் கொட்டாவி விட்டு
ஓட்ஸ் கஞ்சி கிண்டினேன்.
அவள் விளக்கு புள்ளியாகும்வரை ஜன்னலில்.
புள்ளியும் போன பிறகு
கஞ்சி அடிப்பிடித்தது.

ஜனவரியில் அளவுகோல் தோற்றது.
முப்பதுக்குக் கீழும் பனிதான்.
லாரியே போகலாம் என்றார்கள்,
போயிற்று, மரம் ஏற்றிக்கொண்டு.
அப்போதும் துளைத்தேன்.
பயத்துக்கு எண்ணத் தெரியாது.

ஒருநாள் சாப்பிடும்போது வியேனோ:
"ஏரியில் ஒரு பைத்தியக்கார மீன்காரன், அம்மா.
என் பாதை நெடுக ஓட்டை போடுகிறான்.
ஒன்றின் பக்கத்திலும் ஒரு செதில் இல்லை."
சிர்க்கா ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள்,
ஓரம்வரை, மிக மெதுவாக.
"பாவம்" என்றாள்,
"எதைப் பிடிக்கப் பார்க்கிறானோ."

பிறகு பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது:
வியேனோவின் கோடுகள் வளைகின்றன,
அளவுகோல் ஈரத்தில் ஊறியிருக்கிறது,
புதிது வாங்கித் தரவும்.
அவள் கோலை முகத்தருகே தூக்கி
ஒற்றைக் கண்ணால் அதன் வளைவைப் பார்த்தாள்.
அப்புறம் என்னை.
அதே கண்ணால்.

ஏப்ரல் கடைசி. இரவெல்லாம் ஏரி முனகியது.
ஐந்து மணிக்கே வெளிச்சம்.
கொட்டகையில் துளைப்பானைக் காணோம்.
கரையிலிருந்து இருபது தப்படியில்
சிவப்புக் கோட்டு.
இரண்டு கையாலும் தொங்கித் தொங்கித்
திருகிக்கொண்டிருந்தாள்.

ஓடினேன்.
கரை விளிம்பில் நின்றேன்.
என் எடை எண்பத்தாறு, அவள் இருபத்திரண்டு.
நான் காலை வைத்தால்
உடையப்போவது அவள் நிற்கும் இடம்.
கூப்பிட்டால் ஓடி வருவாள்.
ஓடக் கூடாது.
நாக்கைக் கடித்துக்கொண்டு
ஒரு மரம் மாதிரி நின்றேன்.
என்னைவிட
மரம் குறைவாக நடுங்கியிருக்கும்.

கோலை விட்டுப் பார்த்தாள்.
விரலில் சொல்லிச் சரிபார்த்தாள்.
பிறகு குப்புறப் படுத்து,
துளைப்பானை இழுத்துக்கொண்டு
வயிற்றால் ஊர்ந்து வந்தாள்,
அம்மா சொன்னபடியே.
"எட்டு. அதுவும் சாம்பல் நிறம்.
இன்றைக்கு டாக்சி, அப்பா."
மூக்கு ஒழுகியது. துடைத்துவிட்டேன்.
திட்டியிருக்க வேண்டும்.
யாரை என்பதில்தான் குழப்பம்.

இப்போது மறுபடியும் டிசம்பர்.
நேற்று மாலை சிர்க்காவோடு போய்
அளந்து வந்துவிட்டாள்.
சமையலறை மேசையில் அந்த வளைந்த கோல்,
பதினைந்தைச் சுற்றிப் பென்சில் வட்டம்.
அடியில் ஒரு துண்டுக் காகிதம்: "நீ தூங்கு."

ஐந்து மணி.
பூட்ஸை மாட்டிவிட்டேன்.
லேஸ் கட்டவில்லை.
இப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.